முடிவு திருப்தி, நான்கு முந்திரி

ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்திருந்தால் நாட்டில் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காது.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வியாதி அங்கிருந்துதான் தொற்றியது. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியைக் கடலூர் சிதம்பரம் சாலையில் முன்னால் போகிற லாரிகளின் முதுகைப் பார்த்தே கழித்தவர். கல்யாணமான புதிதில் அம்மாவை ஒரு படத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். படம் முடிந்து வந்து பார்த்தால் ஸ்டாண்டில் இவருடைய வண்டி எல்லா வண்டிகளுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. மழை வேறு. புதுப் புடவையோடு நனைந்துகொண்டு நின்ற அம்மா, திருப்பாதிரிப்புலியூர் வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லையாம். அப்பா அன்றைக்கு எடுத்த சபதம்: எந்தப் படமாக இருந்தாலும் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்துபோய் வண்டியை வெளியே எடுத்துவிடுவது.

அதனால் எனக்கு மீசை முளைத்த பிறகும் ஒரு படத்தின் கடைசிக் காட்சி எப்படியிருக்கும் என்று தெரியாது. வில்லன் கதாநாயகனின் அம்மாவைத் தூணில் கட்டிக்கொண்டிருப்பான். அப்பா சட்டைப் பையில் ஸ்டாண்டு டோக்கனைத் தடவுவார். அதுதான் எங்களுக்குச் 'சுபம்'. கட்டிப் போட்ட அந்த அம்மாக்களையெல்லாம் யாராவது அவிழ்த்துவிட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவன் விமர்சகன் ஆனான்.

எனக்கு மோட்டார் பம்புசெட் விற்கிற வேலை. நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், வடலூர் என்று பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஏதாவது ஒரு தியேட்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். பேய், போலீஸ், காதல், ராக்கெட், டப்பிங் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஏ.சி. ஓடினால் போதும். வெளியே வந்ததும் (அதாவது எல்லோருக்கும் முன்னால் வந்ததும்) வண்டியில் சாய்ந்தபடி சொந்தக்காரர் குழுவில் மூன்று வரி எழுதிப் போடுவேன். எல்லார் கைபேசியிலும் இருக்கிறதே, விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து விழுமே, அந்தக் குழுவில்தான்.

நட்சத்திரம் கொடுப்பதெல்லாம் சென்னைக்காரர்கள் பழக்கம். நாங்கள் முந்திரி மண்ணில் பிறந்தவர்கள். ஆகவே என் மதிப்பெண் முந்திரியில் இருக்கும்.

"பேய்ப் படம். பேய்க்கு மேக்கப் கம்மி, கதாநாயகிக்கு ஜாஸ்தி. பயம் வரவில்லை, பசி வந்தது. ஐந்துக்கு இரண்டு முந்திரி."

"போலீஸ் படம். கொலையைக் கண்டுபிடிப்பதில் நம் காவல்துறையின் திறமைக்கு ஒரு சல்யூட். மூன்று முந்திரி."

"ராக்கெட் படம். விண்வெளிக்குப் போனவர்கள் குடும்பத்தோடு சேருவது நெஞ்சைத் தொடுகிறது. மூன்றரை முந்திரி."

சொந்தத்தில் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. சின்னம்மா வீட்டில் நான் முந்திரி போடாமல் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. எனக்கும் தலை லேசாகக் கனத்தது. முடிவைப் பற்றி யாராவது கேட்டால், "முடிவைச் சொல்வது விமர்சன தர்மம் இல்லை" என்பேன். தர்மத்தை நான் இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் சிவகாமி. புவனகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா மேல வீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தரகர் என் ஜாதகத்தோடு என் விமர்சனங்களையும் அனுப்பி வைத்திருக்கிறார் (பையனுக்குக் குடி, சீட்டு எதுவும் இல்லை, இது ஒன்றுதான் என்று காட்டவாம்). ஜாதகம் பொருந்தியது. ஆனால் சிவகாமி ஒரு நிபந்தனை போட்டாள். தட்டில் பஜ்ஜி சொஜ்ஜியை ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டாளாம். பார்ப்பதென்றால் வெளியில் பார்க்கட்டும். கோயிலா என்று கேட்டதற்கு, சாமியைப் பார்ப்பதா பையனைப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் அவளே வழியும் சொன்னாள். பையன்தான் படமாகப் பார்த்துத் தள்ளுகிறாரே, அவரே நல்ல படம் ஒன்று சொல்லட்டும், இரண்டு குடும்பமும் சேர்ந்து பார்க்கலாம்.

ஊரில் முதன்முதலாகப் படம் பார்த்துப் பெண் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். படத்தைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முந்தின வாரம்தான் ஒன்றைப் பார்த்து, என் வரலாற்றிலேயே அதிக முந்திரியைக் கொட்டியிருந்தேன்.

"குடும்பப் படம். குழந்தை குட்டியோடு போகலாம். பெற்றவர் சொல் தட்டாத பெண். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி முடிவு, திருப்தி. ஐந்துக்கு நான்கு முந்திரி."

படத்தில் கதாநாயகியின் அப்பா ஒரு கடைக்காரர். மகளைக் கேட்காமல் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து வருகிறார். மாப்பிள்ளை தண்ணீர் சுத்தப்படுத்தும் மெஷின் விற்கிற பையன். தங்கமான குணம், கொஞ்சம் அசடு. பெண் முரண்டு பிடிக்கிறாள், அழுகிறாள், பிறகு அமைதியாகிவிடுகிறாள். கல்யாண மண்டபம். நாதஸ்வரம் முழங்குகிறது. நான் டோக்கனைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டேன். மேளம் கொட்டிய பிறகு என்ன இருக்கப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. சிவகாமி தன் அப்பா அம்மாவோடு காரில் கடலூர் வந்து இறங்கினாள். இலைப்பச்சைப் புடவை. நெற்றியில் விழுந்த முடியை ஊதி விலக்கினாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஜாதகம், ஜோசியம் எல்லாம் அப்புறம். அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது. இந்த இடம் தட்டிப்போனால் பம்புசெட்டைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இடைவேளையில் எங்களைப் பேசவிட்டார்கள். ஆளுக்கொரு சமோசா. அவள் தன்னுடையதை ஆற வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க விமர்சனம் எல்லாத்தயும் அப்பா காட்டுனாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பேய்ப் படத்துல பேய் யாருன்னு எழுதலையே?"

பேய் யார் என்று படத்தில் சொல்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அசரவில்லை. முடிவைச் சொன்னால் மற்றவர்களுக்குச் சுவாரசியம் போய்விடும் என்று தர்மத்தைத் துணைக்கு அழைத்தேன். "ஓ" என்றாள். திருத்தின விடைத்தாளில் ஓரமாகச் சுழித்துவிடுவார்களே, அப்படி ஓர் 'ஓ'. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சமோசாவை முடித்தேன்.

படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பா கடைக்காரர் வருகிற இடத்திலெல்லாம் தலையாட்டி ரசித்தார். கல்யாண மண்டபம் வந்தது. நாதஸ்வரம் முழங்கியது. பக்கத்தில் அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. என் காலும் தானாக எழுந்தது. அன்றைக்காவது உட்கார்ந்திருக்கலாம். பழக்கதோஷம் யாரை விட்டது?

அப்பா குனிந்து சம்பந்தியாகப் போகிறவரிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கினார். "நீங்க நிம்மதியா பாருங்க. வாசலாண்ட கொண்டாந்து நிறுத்தி வெக்கறோம். கூட்டத்துல நீங்க ஏன் அவதிப்படணும்?" என்றார். அவர் நெகிழ்ந்துபோய் மனைவியிடம், "எவ்ளோ பொறுப்பு பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விருந்தாளிகளைத் தனியாக விடக் கூடாது என்று அம்மா மட்டும் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வந்து காரையும் எங்கள் வண்டிகளையும் வாசலில் வரிசையாக நிறுத்தினோம். அப்பா கார் கண்ணாடியைத் துடைத்துக்கூட வைத்தார். படம் விட்டது. கூட்டத்தோடு அவர்கள் வந்தார்கள். அவள் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். சிவகாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் அம்மா என்னைப் பார்த்து விழியை உருட்டினாள், உதட்டைக் கடித்தாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். 'டேய், சும்மா நிக்காத, நாலு வார்த்த பேசு' என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. (எனக்கு எதுதான் சரியாகப் புரிந்திருக்கிறது?)

கார் கதவைத் திறந்துவிட்டு, படம் எப்படி என்று கேட்டேன். அவள் அப்பா அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார்.

"இந்த முடிவு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா தம்பி?"

"தெரியாமயா மாமா? அந்த முடிவுக்காகத்தான உங்களக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"அந்தப் பொண்ணு பண்ணது சரின்றீங்க?"

"நூத்துக்கு நூறு சரி மாமா. மணமேடைல ஒவ்வொரு பொண்ணும் அப்படித்தான் நடந்துக்கணும். அதான் குடும்பத்துக்கு மரியாத."

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேனோ என்னவோ. அப்பா சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எங்க வீட்டுக்கும் அந்த மாதிரிப் பொண்ணுதான் வேணும்னு இத்தன நாளா தேடிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அவர் கதவைச் சாத்திய சத்தத்தில் டோக்கன் கொடுப்பவர் திரும்பிப் பார்த்தார். கார் கிளம்பியது. ஒரு வண்டிகூட குறுக்கே வரவில்லை. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியா, எவ்ளோ சுளுவா போவுது" என்று பூரித்தார்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பனும் புள்ளயும் சேந்து குடும்பத்துல மண்ண வாரிப் போட்டீங்களே. அந்தப் பொண்ணு தாலி கட்டற நேரத்துல எழுந்திரிச்சி, மாலயக் கழட்டி மாப்ள மடில வெச்சிட்டு, பெத்தவன நிக்க வெச்சிக் கேள்வி கேட்டுட்டு, பஸ் ஏறிப் போயிட்டாடா."

அப்பாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"எந்த ஊரு பஸ்சு?" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தரகர் கூப்பிட்டுவிட்டார். பெண் வீட்டார் அர்த்தம் செய்துகொண்டது இதுதான். பையன் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள். வாயால் சொல்லத் தைரியமில்லை. அதனால் இந்தப் படத்தைக் காட்டி, 'நீயாகவே எழுந்து போய்விடம்மா' என்று பெண்ணுக்கு ஜாடை சொல்லியிருக்கிறான். வாசலில் நின்று வாயாலும் சொல்லிவிட்டான். அப்பனும் அதற்கு உடந்தை. இவ்வளவு நுணுக்கமான திட்டத்தைப் போடும் அளவுக்கு என்னிடம் மூளை இருப்பதாக அவர்கள் நம்பினார்கள் என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவள் முடியை ஊதியது கண்ணுக்குள்ளேயே நின்றது. எங்கள் வீட்டுத் தெருமுனைவரைகூட வராத ஒரு பெண்ணுக்காக அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். மேல வீதியில் கடையைக் கண்டுபிடித்தேன். அவர் ஒரு அம்மாளுக்கு எவர்சில்வர் அண்டாவைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டுவது கொஞ்சம் பலமானது. அண்டா வாங்க வந்த அம்மாளை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். நான் அந்த முடிவைப் பார்க்கவே இல்லை, எந்த முடிவையுமே பார்த்ததில்லை, வண்டி எடுக்கப் போய்விடுவேன்.

அவர் நம்பவில்லை. வியாபாரி எப்படி நம்புவார்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் கடைசிவரை உட்காராமல் போவானா என்றார். அண்டா வாங்க வந்த அம்மாளும், "முழு அண்டாக்குக் காசு குடுத்துட்டு அடி இல்லாமயா வாங்கிட்டுப் போவாங்க?" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு சிவகாமி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பையைக் கீழே வைத்தாள். அப்பாவின் கைபேசியை வாங்கி என் விமர்சனங்களைத் திறந்து, வகுப்பெடுப்பது போல ஆரம்பித்தாள். பேய்ப் படத்தில் கதாநாயகிதான் பேய், அவளுக்கு மேக்கப் ஜாஸ்தி என்று நான் குறைபட்டிருக்கிறேன். போலீஸ் படத்தில் கொலைகாரனே அந்த இன்ஸ்பெக்டர்தான், அவருக்கு நான் சல்யூட் அடித்திருக்கிறேன். ராக்கெட் படத்தில் போனவர்கள் ஒருத்தர்கூட உயிரோடு திரும்பவில்லை.

"குடும்பத்தோடு சேருவது நெஞ்சைத் தொடுகிறதாம்" என்று படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் அண்டாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு ஞாயித்துக்கெழம இடைவேளைலயே சந்தேகம்தான்பா. இவரு பொய் சொல்லல. இவருக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது" என்றாள்.

எனக்காக வாதாடிய ஒரே வக்கீல், நான் அடிமுட்டாள் என்று நிரூபித்து எனக்கு விடுதலை வாங்கித் தந்தாள். நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

அவர் அண்டாவைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"படத்துல பாதில எழுந்து போறவரு, நாளைக்குக் குடும்பத்துலேந்து எழுந்து போவ மாட்டாருன்னு என்னா நிச்சயம்?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"எழுந்து போயி எங்கப்பா போனாரு? வண்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல நமக்காகத்தான நின்னாரு."

அப்பாவின் அத்தனை வருஷத்துப் பிடிவாதத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது, பெற்ற பிள்ளை எனக்கே அதுவரை தெரியாது.

ஆனால் டீச்சர் டீச்சர்தான். விட்டுப்போன பாடத்தை முடிக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் படத்தை மறுபடி பார்த்து, முடிவைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் சம்மதமா இல்லையா என்று சொல்லுவாளாம்.

கடலூர் திரும்பி அன்று ராத்திரி ஆட்டத்துக்கே போனேன். நாதஸ்வரம் முழங்கியதும் கால் இரண்டும் எழுந்துகொள்ளத் துடித்தன. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்தேன். அந்தப் பெண் மாலையைக் கழற்றியதும், தண்ணீர் மெஷின் பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு விழித்தான். அப்படியே என் மூஞ்சி. வெளியே வந்து, எல்லோருக்கும் கடைசியாக வண்டியை எடுக்கக் காத்துக்கொண்டே எழுதினேன்.

"முடிவு பார்த்தேன். அந்தப் பெண் செய்தது சரி. அவளுக்குச் சம்மதமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சம்மதமா?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. என்னிடம் இருந்தது அவள் அப்பா நம்பர் மட்டும்தான். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பதிலையும் அவரே தட்டி அனுப்பினார்: "யோசிக்கிறாளாம். இப்போதைக்கு மூன்று முந்திரி."

மீதி இரண்டு முந்திரி வருவதற்குத் தை மாதம் ஆயிற்று.

கல்யாணம் திருவந்திபுரத்தில். முகூர்த்த நாளில் அங்கே எத்தனை கல்யாணம் நடக்கும் என்று அந்தப் பெருமாளுக்கே கணக்குத் தெரியாது. எங்கு பார்த்தாலும் வேனும் காரும். மாமனார், தாலி கட்டி முடிக்கிறவரை மாப்பிள்ளையின் கையில் எந்த வண்டிச் சாவியும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். மேளம் கொட்டியது. நான் தாலியைக் கையில் எடுத்தேன். சிவகாமியின் கை மெதுவாக அவள் கழுத்து மாலைக்குப் போனது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவள் மாலையைச் சரிசெய்துகொண்டு, "முடிவு தெரியுமா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். முதல் முடிச்சு சரியாக விழவில்லை.

பெண் சிதம்பரம் என்றாலும் எங்கள் வீட்டில் நடப்பது மதுரை ஆட்சிதான். வண்டிச் சாவி அவளிடம் இருக்கிறது. இன்றுவரை எந்தப் படத்துக்குப் போனாலும், கடைசியில் ஓடுகிற பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, பெருக்குகிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொல்கிறவரை நான் எழுந்திருக்க முடியாது.

எங்கள் கல்யாண ஆல்பத்தை யார் பார்த்தாலும் தாலி கட்டுகிற படத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். எல்லோரும் அட்சதையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். பையனின் அப்பா எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் குடும்பமே ஒரே குரலில் சொல்லும்: "வேனை எடுக்கப் போயிருக்காரு." இப்போது எங்கள் சொந்தத்தில் யார் எந்த விசேஷத்தில் காணாமல் போனாலும் அதுதான் பதில்.

கல்யாணத்தன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் களைத்து உட்கார்ந்திருந்தபோது, சொந்தக்காரர் குழுவில் அப்பா தன் வாழ்நாளின் முதல் விமர்சனத்தை எழுதினார்: "கல்யாணம் மிக அருமை. குடும்பத்தோடு பார்க்கலாம். முடிவு திருப்தி. ஐந்துக்கு ஐந்து முந்திரி."

அதற்குக் கீழே முதல் ஆளாகப் புது மருமகள் பதில் போட்டிருந்தாள்.

"தாலி கட்டுனது யாருன்னு எழுதலையே மாமா?"